காது கொடுத்துக் கேட்போம்

(மீஞ்சூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் பேசத்தான் ஏறுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏறியிருக்கிறோம். ஆனால் இன்றைக்கு நாங்கள் பேச வந்த விஷயம், கேட்பது எப்படி என்பது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யூனியனில் பேசுவதற்கு வகுப்பு நடத்துகிறோம். மனு எழுதக் கற்றுக் கொடுக்கிறோம். கோஷம் போடுவதற்குக்கூடப் பழக்கம் கொடுக்கிறோம். கேட்பதற்கு மட்டும் ஒரு வகுப்பும் வைத்ததில்லை. காதுதான் ஆளுக்கு இரண்டு இருக்கிறதே, அதற்கென்ன வகுப்பு என்று இருந்துவிட்டோம்.

நம் தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள். கூலி உயர்வு கேட்கிறோம். அங்கே அது உரிமையைக் கோருவது. வழி கேட்கிறோம், அது வினா. பாட்டுக் கேட்கிறோம், அது செவிக்கு விருந்து. ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்று மேஸ்திரி அதட்டுகிறார். அங்கே கேட்பது என்றால் கீழ்ப்படிவது. திருக்குறளில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பரீட்சைக் கேள்வி அல்ல அது. காது வழியாக வந்து சேரும் அறிவு. எழுத்துக் கற்காதவனும் கேட்டு அறிவாளியாகலாம் என்று ஒத்துக்கொண்ட மொழி நம்முடையது.

இவற்றில் மேஸ்திரி சொல்லும் கேட்பு நம் காதில் நிறைய ஏறியிருக்கிறது. பல தலைமுறையாகப் பண்ணையிலும் ஆலையிலும் ‘கேள்’ என்றால் தலையைக் குனி என்றே பொருளாக இருந்துவிட்டது. அதனால்தான் என்னவோ, யாராவது பேச ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்பது அடிமைத்தனம் என்றும், குறுக்கே பாய்ந்து பேசுவதே வீரம் என்றும் நம்மில் சிலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தினால் நாங்கள் பட்ட ஒரு அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஏணி ஆடிய கதை

எண்ணூர்ப் பக்கத்தில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். போனஸ் பேச்சுவார்த்தை சூடாக நடந்துகொண்டிருந்த சமயம். கேட் மீட்டிங் முடிந்து கலைந்துகொண்டிருந்தோம். காண்டிராக்டில் வேலை செய்யும் ஒரு தம்பி வந்து பக்கத்தில் நின்றார். ‘அண்ணே, ஒரு விஷயம்’ என்றார். ‘சொல்லு தம்பி’ என்றோம். ‘அந்த மூணாவது லைன்ல மேலே ஏறுற ஏணி இருக்குல்ல...’ என்று ஆரம்பித்தார். அதற்குள் ஒருவர் நோட்டீசைக் கொண்டு வந்து நீட்டினார். இன்னொருவருடைய போன் அடித்தது. நாங்கள் அந்தத் தம்பியின் தோளைத் தட்டி, ‘தெரியும்பா, எல்லாம் சரியில்லைதான், முதல்ல போனஸ் முடியட்டும், அப்புறம் ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்பினோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பதினைந்து நாளில் அந்த ஏணியின் மேல் கொக்கி கழன்று விழுந்தவர் அவரே. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருடைய அம்மாதான் கேட்டார்கள்: ‘உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னானே, நீங்க என்ன சொன்னீங்க?’

தோழர்களே, நிர்வாகம் ஏணியைச் சரி செய்யவில்லை என்று அடுத்த நாள் நோட்டீஸ் போட்டோம். அது நியாயமான நோட்டீஸ்தான். ஏணியைப் பராமரிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த நோட்டீசை எழுதிய கை கொஞ்சம் நடுங்கியது. அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நாங்கள்தான் முடித்து வைத்தோம். ‘ஏணி இருக்குல்ல’ என்பதற்குப் பிறகு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதாக எண்ணினோம்.

தெரியும் என்று எண்ணுகிறவனுக்குக் காது அடைத்துக்கொள்கிறது. பழைய யூனியன்காரர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம். இருபது வருஷமாகப் புகார்களைக் கேட்டுக் கேட்டு, இரண்டு வார்த்தையிலேயே இது இன்ன ரகம் என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

பெரம்பூரில் காது கொடுத்தவர்கள்

இந்த வடசென்னையில் தொழிற்சங்கம் எப்படிப் பிறந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்வோம். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் என்றால் உங்கள் தாத்தா காலத்துக் கதை. 1996-ல் மூடப்பட்டுவிட்டன. அந்த மில் தொழிலாளிகளிடையேதான் 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள்.

அதை ஆரம்பித்தவர்கள் யார்? மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார் ஒருவர். அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடு ஒருவர். இருவரும் பக்திப் பிரசங்கங்கள் நடத்தும் ஒரு சபையில் ஈடுபட்டவர்கள். மார்க்சைப் படித்தவர்கள் அல்ல. மில்லில் வேலை செய்தவர்களும் அல்ல. தொழிலாளிகள் கடைக்கு வருவார்கள், பிரசங்கத்துக்கு வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். அதே பேச்சு ஊரில் எத்தனையோ பேர் காதில் விழுந்திருக்கும். இந்த இருவர் காதில் மட்டும் அது தங்கியது. தங்கியதோடு நிற்காமல், ‘நியூ இந்தியா’ பத்திரிகை ஆபீசுக்குப் போய் பி.பி. வாடியாவிடம் சொன்னார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. அன்னி பெசன்ட் அம்மையாரோடு இருந்தவர். தமிழ்த் தொழிலாளியோடு பேசவேண்டுமானால் நடுவே மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்தான் சங்கத்தின் முதல் தலைவரானார்.

தொழிலாளிகள் முதலில் சொன்ன குறை எது? நாமாக இருந்தால் சம்பளம் என்று எழுதிக்கொண்டிருப்போம். சம்பளமும் குறைவுதான். வேலை நேரமோ, அன்றைய 1911-ம் வருஷத்துச் சட்டப்படியே நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி வரை போகலாம். ஆனால் அவர்கள் வாயிலிருந்து முன்னால் வந்தது பகல் சாப்பாட்டு நேரம். இடைவேளை போதவில்லை, ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு ஓடிவர முடியவில்லை, கொஞ்சம் தாமதித்தால் கதவு அடைபடும். சோறு தின்ன நேரம் வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் ஆரம்பகாலக் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டவர்கள், ‘இது சில்லறை விஷயம், பெரிய விஷயத்தைச் சொல்லுங்கள்’ என்று தள்ளியிருந்தால் அன்று சங்கம் பிறந்திருக்காது. சொல்லுகிறவனுக்கு எது பெரிதோ அதுதான் பெரிது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதே மில், மூன்று வருஷம் கழித்து

இனி சொல்லப் போவது இனிப்பான கதை அல்ல. ஆனால் சொல்லாமல் விடக்கூடாது.

1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜூனில் பக்கிங்ஹாம் மில்லும் சேர்ந்தது. அக்டோபர் வரை நீண்ட போராட்டம். சிங்காரவேலர் போன்றவர்கள் தொழிலாளிகளுக்காக நின்றார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தின் நடுவில் தொழிலாளி வர்க்கம் இரண்டாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளி தொழிலாளியை அடித்தான். ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

முதலாளியும் சர்க்காரும் பிளவை ஊதிப் பெருக்கினார்கள் என்பது உண்மை. அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் 1920 கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்திலேயே அந்த மக்கள் பட்டினியில் அடிபட்டிருந்தார்கள். ஊரில் நிலமோ, கடன் கொடுக்கும் உறவோ அவர்களுக்குக் கிடையாது. கடைக்காரன் மற்றவனுக்குக் கணக்கு எழுதுவான், சேரிக்காரனுக்கு எழுதமாட்டான். மறுபடியும் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் என்றபோது அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் ஒரு செய்தி. ‘எங்கள் அடுப்பு எரியாது, அதற்கு என்ன ஏற்பாடு?’ என்ற கேள்வி அதற்குள் இருந்தது. அதை உட்கார்ந்து கேட்டவர்கள் சங்கத்தில் போதுமான பேர் இல்லை. அவர்கள் கேள்வி சங்கத்தின் கேள்வியாக மாறவே இல்லை. எம்.சி. ராஜா போன்றவர்கள் அந்த மக்களின் சார்பில் வெளியே நின்று பேசவேண்டியதாயிற்று. தயங்கினவர்களுக்குக் கருங்காலி என்ற பெயர்தான் கிடைத்தது.

கருங்காலி என்ற வார்த்தையை நாம் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். உண்மையான கருங்காலிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால், அவன் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தோமா, அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று நமக்குத் தெரியுமா என்று பார்க்கவேண்டும். பெரம்பூரில் 1918-ல் சங்கத்தைப் பிறப்பித்த காது 1921-ல் பாதி ஆட்களுக்கு மூடியிருந்தது. அந்தக் காயம் வடசென்னையில் ஆற வெகு காலமாயிற்று; முழுக்க ஆறிவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நிஜமாகவே காது கேட்காதவர்கள்

இங்கே கொஞ்சம் வழி மாறிப் போகிறோம். ஆலையில் கேட்பது என்றால் மனசு மட்டும் போதாது. காதும் இருக்கவேண்டும்!

நெசவுக் கொட்டடியில், பாய்லர் பக்கம், அரவை மில் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கையெட்டும் தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேசவேண்டியிருக்கிறது என்றால், அங்கே இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நம் நாட்டு ஆலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. இதில் ஒரு சூது இருக்கிறது. இரைச்சலால் கெடும் காது ஒரேயடியாகச் செவிடாவதில்லை. முதலில் மேல் சுருதி ஓசைகள் போகின்றன. உயிரெழுத்தோசை காதில் விழும். ச, த, க போன்ற மெய்யோசைகள் மங்கிவிடும். ‘தட்டு’ என்றாலும் ‘கட்டு’ என்றாலும் ‘பட்டு’ என்றாலும் ஒன்றுபோலத் தோன்றும். ஆள் பேசுவது கேட்கிறது, சொல் விளங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ‘சரி சரி’ என்று தலையாட்டுகிறான். நாம், ‘இந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் கவனிக்கிறதில்லை’ என்று பேசுகிறோம்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில்களில் இதற்கென்றே ஒரு பேச்சு இருந்தது. தறி இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் நெசவாளிப் பெண்கள் வாயை அகல அசைத்து, முகத்தாலும் கையாலும் பேசுவார்கள். எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். இடைவேளையில் வெளியே வந்தும் அதே பழக்கம்! அவர்கள் கண்ணால் கேட்டார்கள். நாமும் அதைச் செய்யலாம். பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பது, வெளிச்சத்தில் நின்று பேசுவது, முதுகைக் காட்டிக்கொண்டு உத்தரவு போடாமல் இருப்பது, இவ்வளவுதான்.

இரைச்சலால் வரும் காது கேளாமை ஒரு தொழில் நோய். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ம் வருஷச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நஷ்ட ஈட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். காது பரிசோதனை கேளுங்கள். கேட்டு வாங்குங்கள்.

கண் எரிகிறது என்றார்கள்

கேட்காததனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போபாலை நினையுங்கள். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு, பதினொரு மணி சுமாருக்கு யூனியன் கார்பைடு ஆலையில் வேலையிலிருந்த தொழிலாளிகளுக்குக் கண் எரிந்தது. எங்கோ கசிகிறது என்று சொன்னார்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டதாகப் பின்னால் வந்த விசாரிப்புகளில் தெரிந்தது. அந்தத் தேநீர் வேளை முடிவதற்குள் தொட்டியின் அழுத்தம் கைமீறிவிட்டது. விடிவதற்குள் ஊரில் பிணங்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அது ஒரு இரவில் கேட்காமல் விட்டதும் அல்ல. 1981 டிசம்பரிலேயே அதே ஆலையில் விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்திருந்தார். யூனியன்கள் அப்போதே ஆபத்து என்று கூச்சல் போட்டன. லாபத்தைக் கணக்குப் போடும் காதில் அந்தக் கூச்சல் ஏறவில்லை.

மணலியிலும் எண்ணூரிலும் ரசாயன ஆலை ஓரமாக வாழ்கிறவர்கள் நாம். ஷிப்ட் மாறும்போது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் சொல்வதும், வந்த அவசரத்தில் மற்றவர் கேட்பதும் நமக்குச் சாதாரணம். மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கவேண்டும், வாஸ்தவம். ஆனால் ஷிப்ட் ஒப்படைக்கும்போது ஒரு வழக்கத்தைக் கையாளுங்கள். கேட்டுக்கொண்டவர் திருப்பிச் சொல்லவேண்டும். ‘இரண்டாம் வால்வு இறுக்கமா இருக்கு, தொடக்கூடாது, மூணாவதைத்தான் திறக்கணும், அப்படித்தானே அண்ணே?’ என்று சொல்லிக் காட்டவேண்டும். தப்பாகச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அரை நிமிஷம் ஆகும். ரயில் ஓடிவிடாது.

புகார் கேட்கும்போதும் இதேதான். ‘புரிஞ்சுது’ என்று சொல்லாதீர்கள். புரிந்ததைச் சொல்லிக் காட்டுங்கள். நாங்கள் இதைப் பழக ஆரம்பித்தபோது எங்களுக்கே வெட்கமாயிருந்தது. பத்துக்கு நாலு தடவை, எதிரில் இருப்பவர் ‘இல்லண்ணே, நான் அதச் சொல்லல’ என்றார். அதற்கு முன்னே இத்தனை வருஷமாக எத்தனை பேர் அப்படிச் சொல்லாமலே எழுந்து போனார்களோ!

மௌனத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஜனங்கள், முக்கியமாகப் பண்ணை வேலை செய்பவர்கள், நேராக விஷயத்துக்கு வரமாட்டார்கள். மழையைப் பற்றிச் சொல்வார்கள், மாட்டைப் பற்றிச் சொல்வார்கள், பெண்ணுக்கு வரன் வந்ததைச் சொல்வார்கள். எழுந்திருக்கப் போகும்போது, ‘ஆமா, இன்னொண்ணு...’ என்பார்கள். அதுதான் விஷயம். அதற்கு முன்னாலேயே நாம் எழுந்துவிட்டால் நமக்குக் கிடைத்தது மழையும் மாடும்தான்.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால், ‘இதென்ன, எனக்கு நடந்ததைக் கேளு’ என்று நம் கதையை அவிழ்த்துவிடுகிறோம். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறோம். ஆனால் சொல்ல வந்தவர் இப்போது கேட்பவராகிவிட்டார்! இன்னொரு விஷயம், இடம். மேஸ்திரி பத்தடியில் நிற்கும்போது ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் வாய் மூடிக்கொள்ளும்.

தண்ணீர்க் குடம்

விவசாயத் தொழிலாளர் பக்கம் வருவோம். 1940-களில் கீழத்தஞ்சையில் பண்ணையாள்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்ல; கர்நாடகத்திலிருந்து வந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. சேரியிலேயே தங்கினார், அவர்கள் சோற்றையே உண்டார். 1944-ம் வருஷ மன்னார்குடி ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதிலே சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது என்று இருக்கிறது. கூலியை முத்திரை மரக்காலால் அளக்கவேண்டும் என்று இருக்கிறது. நகரத்தில் மேஜைமேல் உட்கார்ந்து கோரிக்கை எழுதுகிறவனுக்கு மரக்கால் விஷயம் தோன்றுமா? படி அளக்கும் இடத்தில் எவ்வளவு குறைகிறது என்பது வாங்குகிறவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லி, ஒருவர் கேட்டு, அது தாளில் ஏறியது.

இங்கே நம் பக்கத்திலே நடந்ததையும் சொல்கிறோம். நடவுக் கூலியைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். நடவு நடுகிறவர்கள் பெண்கள்; நடவுக் கூலியைப் பற்றிப் பேசினவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்! இரண்டு மணி நேரம் பேசி இவ்வளவு ரூபாய் என்று தீர்மானம் போட்டோம். கலையும்போது ஒரு அக்காவிடம், ‘என்னக்கா, சரிதானே?’ என்றோம். ‘சரிங்க’ என்றார். ‘வேற ஏதாவது உண்டா?’ என்று கேட்டுவிட்டு, நல்லவேளையாக அன்று வாயை மூடிக்கொண்டு நின்றோம். அவர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னார்: ‘கூலி கெடக்குதுங்க. குடிக்கத் தண்ணி இல்லீங்களே. வீட்டிலேருந்து குடம் தூக்கிட்டுப் போறோம். பத்து மணிக்கெல்லாம் தீந்துடுது.’

தோழர்களே, கோசஸ்தலை ஆற்றுப் படுகையில் பட்டணத்துக்காகத் தண்ணீரை எடுத்து எடுத்து, கடல் உள்ளே ஏறி, மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகள் உப்பாகிப் போனது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடல் நீர் ஏற்றத்தைப் பற்றி மேடையில் புள்ளிவிவரத்தோடு பேசியிருக்கிறோம். ஆனால் அந்த உப்பு, நடவு வயலில் நிற்கிற ஒரு பெண்ணின் தொண்டையில் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைய தீர்மானத்தை அடித்து, மறுபடி எழுதினோம். வயலில் குடிதண்ணீர் தருவது முதல் வரியாக ஏறியது. நிலக்காரர்களில் பாதிப் பேர் தண்ணீர் விஷயத்தை அதே வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள். கூலி விஷயம் இழுபறியாக நடந்தது. அது வேறு கதை.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும்

பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தால் நிர்வாகம் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும். நல்ல எண்ணத்தால் அல்ல, நம் நன்மைக்காக! ‘செய்கிறோம்’ என்று சொன்னாரா, ‘பார்க்கலாம்’ என்று சொன்னாரா, ‘மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்’ என்று சொன்னாரா? மூன்றும் வேறு வேறு. நாலு பேர் ஒரே நேரத்தில் மேஜையைத் தட்டினால் இந்த வித்தியாசம் காதில் விழாது. வெளியே வந்து ‘ஒத்துக்கொண்டார்கள்’ என்று ஒருவர் சொல்வார், ‘மறுத்துவிட்டார்கள்’ என்று மற்றவர் சொல்வார். கேட்பதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். அவர் பேசவேண்டாம், எழுதட்டும். முடிவில் அவர் படிக்கட்டும்: ‘நீங்கள் இன்ன தேதிக்குள் இன்னது செய்வதாகச் சொன்னீர்கள், சரிதானே?’ அந்த ஒரு வாக்கியம் பல கோஷங்களைவிட மானேஜரைச் சங்கடப்படுத்தும் என்பது எங்கள் அனுபவம்.

குறைகளைக் கேட்பதற்குச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. 1947-ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பும் உள்ள ஒர்க்ஸ் கமிட்டியைப் பற்றிச் சொன்னது. 2010-ல் வந்த திருத்தம் 20 பேர் உள்ள இடத்திலேயே குறைதீர்ப்புக் கமிட்டி வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கமிட்டி இருக்கிறது. பெண்கள் தொகைக்கேற்ப அவர்களுக்கும் இடம் தரவேண்டும். அந்தத் தொகுப்புகளை நாம் ஏன் எதிர்க்கிறோம் என்பது இன்னொரு கூட்டத்துக்கு உரிய விஷயம். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறை ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கமிட்டிக்கு மனு போகவேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நாம் தோளைத் தட்டி அனுப்பும் ஒவ்வொரு புகாருக்கும் இப்போது கடிகாரம் ஓடுகிறது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். முடியும் முடியாது என்பதை அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். முடியாது என்ற பதிலைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலே வராமல் இருப்பதைத்தான் மறப்பதில்லை.

ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறோம். அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளிப் பக்கம் மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிமார்கள் காண்டிராக்டில் வேலை செய்கிறார்கள். ‘அவங்க வாயே திறக்கறதில்ல’ என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். திறக்கிறார்கள் தோழர்களே! இரவு கொட்டகையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பேசுகிறார்கள். நமக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. வாடியாவுக்கும் தமிழ் தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போனார். இங்கே நம் பிள்ளைகளில் இந்தி தெரிந்தவர்கள், ஒரியா தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறோம். நோட்டீஸ் கொண்டு போகப் போவதில்லை. நோட்டுப் புத்தகம்தான். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

நாங்கள் நேரம் மிகுதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம். பின்வரிசையில் அந்த அக்கா ரொம்ப நேரமாக எழுந்திருப்பதும் உட்காருவதுமாக இருக்கிறார்கள். மைக்கை அங்கே கொண்டுபோங்கள் தம்பி. வயர் எட்டாவிட்டால் நாங்கள் அங்கே வருகிறோம்.